நெகடிவ் யாருக்குச் சொந்தம்?

புகைப்படத்தைப் பற்றி நம்மவர்கள் பேசத் தொடங்கினால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கும்: அது கூடுமா, கூடாதா? ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போதும் இந்தக் கேள்வி வரும். கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதும் வரும். கேள்வியை நான் இலேசாக எண்ணவில்லை. உருவங்களைச் செய்கிறவர்களுக்கு நபிமொழிகளில் உள்ள எச்சரிக்கை நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் நம் அன்றாட வாழ்க்கை அந்தக் கேள்வியைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. இலங்கையில் 1972 இல் தேசிய அடையாள அட்டை வந்த நாள் முதலாக, ஸ்டூடியோ முக்காலியில் ஒரு தடவையாவது உட்காராத வளர்ந்த முஸ்லிம் இல்லை என்றே சொல்லலாம். ஹஜ்ஜுக்குப் போகிறவரும் கடவுச்சீட்டில் முகம் காட்டித்தான் போகிறார். கூடாது என்று பயான் செய்கிற மௌலவியின் சட்டைப் பையிலும் அவருடைய படம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

கூடும் என்று சொன்ன அறிஞர்களுள் முக்கியமானவர் எகிப்தின் ஷெய்க் முஹம்மது பகீத் அல்-முதீஈ. 1914 முதல் 1920 வரை அந்நாட்டின் முப்தியாக இருந்தவர். புகைப்படம் பற்றி அவர் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார். கையால் உருவம் சமைப்பது வேறு, கெமராவால் எடுப்பது வேறு என்பது அவர் வாதம். கெமரா புதிதாக எதையும் படைக்கவில்லை. அல்லாஹ் படைத்த ஒன்றின் நிழலை ஓர் இடத்தில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். இதை அரபியில் ‘ஹப்ஸுழ் ழில்’ என்பார்கள். நிழலைச் சிறைப்பிடித்தல் என்று பொருள். பின்னால் 1960 இல் வெளிவந்த யூசுப் அல்-கர்ளாவியின் ஹலால் ஹராம் பற்றிய நூல் இக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது.

இந்தச் சொல்லில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. சிறைப்பிடித்தல் என்றால் சிறைப்பட்டது ஒன்று இருக்கிறது. சிறையின் சாவியும் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. கைதிக்கு உணவளிப்பதை நல்லடியார்களின் செயலாகச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆகவே, சிறைப்பிடிப்பது கூடுமா என்று கேட்டதோடு நாம் நின்றுவிட முடியாது. பிடித்து வைத்த பிறகு அந்த நிழலை எப்படி நடத்துவது? அதன்மேல் யாருக்கு அதிகாரம்? எளிய வார்த்தையில் கேட்டால், நெகடிவ் யாருக்குச் சொந்தம்?

பிலிமைக் கடையில் கொடுத்து வாங்குகிறவருக்கு இந்தக் கேள்வி வராமலே போகலாம். வீட்டில் தன் கையால் கழுவுகிறவர் இதைத் தவிர்க்க முடியாது. நான் 120 ரோல் பிலிமைக் கழுவுகிறவன். வெருகல் பக்கத்தில் அதைக் கழுவித் தரும் இடம் எதுவும் இல்லாததால் இரவில் வீட்டுக் குசினியே இருட்டறையாகிவிடுகிறது. வேலையைப் பற்றிச் சிறிது சொல்வது நல்லது. கேள்வி வேலைக்குள்ளேதான் இருக்கிறது.

120 ரோல் 1901 இல் கொடக் கம்பனியின் பொக்ஸ் கெமரா ஒன்றுக்காகச் செய்யப்பட்டது. ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர் அகலம். ஓரத்தில் துளைகள் கிடையாது. முதுகில் ஒரு கடதாசி நாடா ஒட்டியிருக்கும். சதுரமாக எடுத்தால் ஒரு ரோலில் பன்னிரண்டே படங்கள். கும்மிருட்டில், கண்ணின் உதவியே இல்லாமல், கடதாசியைப் பிரித்துப் பிலிமை மட்டும் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத டாங்கியில் அடைக்க வேண்டும். சிவப்பு விளக்கும் ஆகாது. இன்றைய பிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பையும் உணரக்கூடியவை. டாங்கியை மூடிய பிறகு விளக்கைப் போடலாம். முதலில் டெவலப்பர், பிறகு வினாகிரி கலந்த தண்ணீர் அல்லது வெறும் தண்ணீர், பிறகு ஹைப்போ, கடைசியில் நீண்ட நேரக் கழுவல். டெவலப்பர்க் கணக்கெல்லாம் 20 பாகை செல்சியஸுக்கு எழுதப்பட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சூடு கூடினால் டெவலப்பர் அவசரப்படும். பிலிமின் ஜெலட்டின் ஊதி இளகி, நகம் பட்டாலே கீறல் விழும். ஆகவே பேசினுக்குள் ஐஸ் போட்டு, அதற்குள் போத்தல்களை நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஐஸ் கிடைக்காத நாளில் நேரத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்கொண்டு மிகக் கவனமாகக் கையாள வேண்டும்.

ஒளி பட்ட கணத்திலேயே படம் பிலிமில் விழுந்துவிடுகிறது. வெள்ளி உப்பின் மணிகளில் ஒரு சில வெள்ளி அணுக்கள் மாத்திரம் சேர்ந்து நிற்கும். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. டெவலப்பர் அந்த நுண்ணிய அடையாளத்தைப் பல கோடி மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. ஹைப்போ, ஒளி படாத உப்பைக் கரைத்து அகற்றிவிடுகிறது. கழுவுகிறவர் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. மறைந்திருந்த ஒன்றை வெளிப்படுத்துகிறார். வெளிப்படும் அந்தக் கணத்தில் அதைப் பார்க்கிற முதல் மனிதரும் அவரே. சிறு கெமராவின் 35 மில்லிமீற்றர் பிலிமில் முகம் கடுகளவுதான் இருக்கும். 120 இன் நெகடிவில் பூதக்கண்ணாடி இல்லாமலே ஆளை அடையாளம் காணலாம். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருந்தாலும், இன்னாருடைய உம்மா, இன்னாருடைய மகள் என்று தெரிந்துவிடும்.

தமிழில் இந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் சொல் ‘கழுவுதல்’. பிலிம் கழுவினேன், படம் கழுவக் கொடுத்தேன் என்கிறோம். இன்னொரு கழுவலும் நம்மிடம் உண்டு. மையித்தைக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு நினைவிருக்கும். நம்பிக்கையானவரே குளிப்பாட்ட வேண்டும். அங்கே கண்ட குறையை அவர் வெளியே சொல்லக் கூடாது. மறைத்தவரின் குறைகளை அல்லாஹ் மறைப்பான். அவ்ரத்தைத் திறந்து போடாமல், மேலே துணி விரித்து, மென்மையாகக் கையாள வேண்டும். குளிப்பாட்டிவிட்டேன் என்பதற்காக அந்த உடல் அவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. அவர் ஓர் அமானிதத்தைக் கையேற்றவர். வேலை முடிந்ததும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டியவர்.

படத்தையும் மையித்தையும் ஒன்றாக்க நான் முனையவில்லை. ஆனால் இரண்டு இடத்திலும், பேச முடியாத நிலையில் ஒரு மனிதரின் உருவம் இன்னொருவர் கைக்கு வருகிறது. அந்தக் கைக்கு இரண்டு கடமைகள் உண்டு: மறைத்தல், காத்தல். இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதுதான் சிக்கல்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் மூதூர்ப் பக்கத்தில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். வெருகல் கங்கையைப் பாதையில் ஏறிக் கடந்த காலத்து மனிதர். பெண்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தால், பிரின்டைக் கொடுக்கும்போது நெகடிவையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். தன்னிடம் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். ஆண்களின் நெகடிவ் மட்டும் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். ஊரே அவரை அதற்காக மதித்தது. பிறகு 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2006 ஓகஸ்டில் மூதூர், தோப்பூர் மக்கள் கந்தளாயை நோக்கி நடந்தார்கள். அதே ஆண்டில் ஈச்சிலம்பற்றுத் தமிழ் மக்கள் வாகரைப் பக்கமாக ஓடினார்கள். அலுமாரியோடு படங்கள் போயின. திரும்பி வந்த பிள்ளைகள் அவரிடம் வந்து நின்றார்கள்: “எங்கட உம்மாட படம் ஒண்டாவது இருக்கா நானா?” வாப்பாமாரின் படங்களைச் சிலருக்கு அவரால் கழுவிக் கொடுக்க முடிந்தது. உம்மாமாரின் படம் ஒன்றுகூட இல்லை. மறைத்தல் என்ற கடமையை முழுதாகச் செய்தவரிடம், காத்தலுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அவர் செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களுக்கு உரியதை அவர்களிடமே கொடுத்தார். ஆனால் அதிலிருந்து எனக்கு விளங்கியது, மறைப்பது மட்டுமே அமானிதம் அல்ல என்பது. ஓர் உயிரின் ஒரே அடையாளத்தைத் தொலைந்துபோகாமல் வைத்திருப்பதும் அமானிதம்தான். காணாமற்போன மகனின் படத்தை நெஞ்சில் ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் தமிழ்த் தாய்மாரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். கையிலுள்ள அந்த அட்டைத் துண்டுதான் அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு அவர்களிடம் மிஞ்சிய சாட்சி. உம்மா வாப்பா மௌத்தானதும் படங்களை எல்லாம் எரித்துவிடுவது நல்லது என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். எரிக்கிறவரின் பயபக்தியை மதிக்கிறேன். எரிப்பதற்கு முன் வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றுதான் கேட்கிறேன்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். லெபனானின் ஸைதா நகரில் ஹாஷிம் அல்-மதனி (1928–2017) என்பவர் ‘ஷெஹ்ரஸாத்’ என்ற ஸ்டூடியோவை 1953 முதல் நடத்தினார். அந்த ஊராரில் பெரும்பகுதியினரைப் படம் பிடித்தவர். அவர் சொன்ன ஒரு சம்பவத்தைக் கலைஞர் அக்ரம் ஸஃதரி வெளிப்படுத்தியிருக்கிறார். 1957 இல் ஒரு பெண் கணவனுக்குத் தெரியாமல் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டாள். கணவன் வந்து நெகடிவைக் கேட்டான். ஒரே ரோலில் மற்றவர்களின் படங்களும் இருந்ததால் மதனி தர மறுத்தார். முடிவில் ஒரு சமரசம்: கணவனின் கண் முன்னால் ஊசியால் அந்தப் பெண்ணின் படங்கள் கீறப்பட்டன. சில வருடங்களுக்குப் பின், துயரம் தாளாமல் அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதே கணவன் மறுபடியும் ஸ்டூடியோவுக்கு வந்தான். அந்தப் படங்களைப் பெரிதாக்கித் தர முடியுமா, அவள் எடுத்த வேறு படங்கள் ஏதும் உண்டா என்று கேட்டான்.

இந்தச் சம்பவத்தில் நெகடிவ் யாருக்குச் சொந்தம்? ஸ்டூடியோக்காரர் சொல்லலாம்: பிலிம் என்னுடையது, உழைப்பும் என்னுடையது. கணவன் சொல்லலாம்: அவள் என் பொறுப்பில் உள்ளவள். பதிப்புரிமைச் சட்டங்களும் பெரும்பாலும் படத்தை எடுத்தவரையும் எடுக்கச் சொன்னவரையும் பார்த்தே பேசுகின்றன; படத்தில் இருப்பவரைப் பார்த்து அல்ல. ஊசி நெகடிவில் இறங்கியபோது, அந்த முகத்துக்கு உரியவளிடம் யாரும் எதுவும் கேட்டதாக அந்தக் கதையில் இல்லை.

ஜனாஸாவின் ஒழுங்கு இங்கே நமக்கு வழிகாட்டும் என்று நினைக்கிறேன். குளிப்பாட்டுவதில் நெருங்கிய உறவினருக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை, உடலைச் சிதைக்கும் உரிமையாக ஒருபோதும் ஆவதில்லை. மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்று நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. 2020 இல் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க அரசு கட்டளையிட்டபோது நாம் என்ன சொன்னோம்? அடக்கப்படுவது மையித்தின் உரிமை. அரசாங்கமும் அதைப் பறிக்க முடியாது என்றோம். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கும்வரை அந்தக் குரலை நாம் விடவில்லை. பேச முடியாதவருக்கும் உரிமை உண்டு, அதை அதிகாரம் உள்ளவர் தம் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது என்பதே நம் வாதம். அதே வாதத்தை நம் வீட்டு அலுமாரிக்குள் இருக்கும் முகங்களுக்கும் நாம் பொருத்திப் பார்க்க வேண்டாமா?

ஆகவே என் பதில் இது: நெகடிவ் யாருக்கும் சொத்து அல்ல, அமானிதம். எடுத்தவரும் கழுவியவரும் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். அதன்மேல் முதல் பேச்சுக்கு உரியவர் அதில் முகம் உள்ளவர். அவர் உயிரோடு இருக்கையில் அவரிடம் கேட்க வேண்டும்: வைத்திருக்கவா, தந்துவிடவா, அழித்துவிடவா? கேட்பது சிறிய காரியம். மூதூர்ப் பெரியவர் அந்தப் பெண்களிடம் நெகடிவைக் கொடுக்கும்போது இதைக் கேட்டிருந்தால், சிலராவது, “உங்கட டின்னுக்குள்ளேயே கிடக்கட்டும் நானா” என்று சொல்லியிருக்கக் கூடும்.

கேட்க ஆள் இல்லாதபோது என்ன செய்வது? கேள்வி அங்கேதான் கடினமாகிறது. அமெரிக்காவில் விவியன் மையர் என்றொரு பெண்மணி இருந்தார். பிறப்பு 1926. பிறர் வீடுகளில் பிள்ளை பார்க்கும் வேலை செய்து பிழைத்தவர். ரொலிஃபிளெக்ஸ் கெமராவில் 120 பிலிம் போட்டு, சிகாகோவின் தெருக்களில் ஆயிரமாயிரம் படங்கள் எடுத்தார். 1956 இல் வேலைக்குச் சேர்ந்த ஒரு வீட்டில் தமக்குக் கிடைத்த குளியலறையையே இருட்டறையாக்கிக் கழுவினார். பிறகு வீடுகள் மாறின, இருட்டறை இல்லாமற்போனது, கழுவாத ரோல்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. ஏறத்தாழ யாருக்கும் அவர் தம் படங்களைக் காட்டவில்லை. பொருட்களை வைத்திருந்த களஞ்சியத்துக்கு வாடகை கட்ட முடியாமல், 2007 இல் எல்லாம் ஏலத்தில் போயின. 2009 இல் அவர் இறந்தார். அதன் பின்னரே உலகம் அவரைக் கொண்டாடியது. 2014 இல் பதிப்புரிமை யாருக்கு என்ற சட்டப் பிணக்கும் எழுந்தது.

ஏலத்தில் வாங்கியவர்கள் அந்த ரோல்களைக் கழுவியிருக்காவிட்டால் அவை மெல்ல அழிந்திருக்கும். கழுவியது காத்தல். அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் கழுவுவது ஒரு செயல், காட்டுவது இன்னொரு செயல். முதலாவதைச் செய்யும் தகுதி தானாக இரண்டாவதைத் தந்துவிடுவதில்லை. வாழ்நாள் முழுவதும் காட்டாமல் இருந்தவரின் மௌனத்தை, அவருக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று என்று எடுப்பதா, அவருடைய விருப்பம் என்று எடுப்பதா? காட்டுவதற்கு முன் நீண்ட நேரம் தயங்கி நிற்க வேண்டிய இடம் அது.

நம் நாட்டிலும் இக்கேள்விக்கு வேறொரு முகம் உண்டு. லயனல் வென்ட் (1900–1944) இலங்கை தந்த பெரிய புகைப்படக் கலைஞர். இருட்டறை வேலையில் மிகத் தேர்ந்தவர். அவர் இறந்த பின் அவருடைய நெகடிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன, பிரின்டுகள் எஞ்சின. அவற்றில் 1950 இல் ஒரு நூலும் வந்தது. நெகடிவை அழிப்பது கலைஞரின் கைத்திறனைக் காப்பாற்றலாம்; இனி வேறொருவர் அவர் பெயரில் மோசமாகப் பிரின்ட் போட முடியாது. ஆனால் அந்தப் படங்களில் நின்ற மீனவர்களும் கிராமத்தவர்களும் தங்கள் படத்துக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்கப்பட்டவர்களா? அதற்கும் முன்னர் செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட ‘வேடர்கள்’ என்ற ஆங்கில நூலில், எங்கள் கிழக்குக் கரையோர வேடர்களுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. வேடர் முகங்கள் படங்களாக அந்த நூலில் உண்டு. வெருகல் கரையில் அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த நூலைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? காத்தல் நடந்திருக்கிறது, ஒப்படைத்தல்தான் நடக்கவில்லை.

பிலிம் காலமே முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று வாசகர் கேட்கலாம். முன்பு ஊருக்கு ஒரு ஸ்டூடியோக்காரர் சுமந்த அமானிதத்தை இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சுமக்கிறோம். வித்தியாசம் நேரத்தில்தான் இருக்கிறது. ரோலைக் கழுவி உலரவிட்டுப் பிரின்ட் போடுவதற்கு ஒரு நாளாவது செல்லும். இந்த முகத்தைக் காட்டலாமா, இவரிடம் கேட்டோமா என்று யோசிக்க அந்த ஒரு நாள் இடம் தந்தது. இன்று எடுத்த கையோடு படம் குழுமங்களுக்குப் போய்விடுகிறது. ஒரு பெண்ணின் படத்தை வைத்து மிரட்டுவதும், இல்லாத படத்தை இருப்பதுபோல் செய்து பரப்புவதும் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. மறைத்தல் தோற்றுவிட்டது. அதே நேரம், கைபேசி பழுதானால் பத்து வருடப் படங்கள் ஒரேயடியாகப் போய்விடுகின்றன, காத்தலும் தோற்றுவிட்டது. புகைப்படம் கூடுமா என்று தொண்டை வற்றப் பேசிய நாம், அதன் அமானிதத்தைப் பற்றி ஒரு ஜும்ஆவிலாவது பேசியிருக்கிறோமா?

இதற்குப் பெரிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நம்மிடம் ஏற்கெனவே வஸிய்யத் இருக்கிறது. கடனையும் பிறர் தந்துவைத்த பொருளையும் எழுதிவைக்காமல் ஒரு முஸ்லிம் கண்மூடக் கூடாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். நெகடிவும் பிறர் தந்துவைத்த பொருள்தான். நான் இப்போது ஒவ்வொரு நெகடிவையும் தனித்தனிக் கடித உறையில் போட்டு, மேலே அதில் இருப்பவரின் பெயரையும், எடுத்த ஆண்டையும், அவர் சொன்னதையும் எழுதுகிறேன்: “வைத்திருக்கவும்”, “மகளிடம் மட்டும் கொடுக்கவும்”, “என் மௌத்துக்குப் பின் அழிக்கவும்”. வஸிய்யத்துக் கொப்பியில் கடன் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் அந்த உறைகளின் பட்டியல் இருக்கிறது. எனக்குப் பின்னால் அலுமாரியைத் திறக்கிறவர் எதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டியிராது. கெமராவோ கைபேசியோ வைத்திருக்கும் நண்பர்களும் இப்படி ஒரு பக்கம் எழுதிவைத்தால் நல்லது.